மன்னார்ப் பயணமும் சாரதியின் மருத்துவச் சான்றும்

(தோட்ட யாத்திரைக் குழுக்களுக்கும் சாரதிமாரின் குடும்பங்களுக்கும் நடந்த கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் பேசியதன் எழுத்து வடிவம்)



நமது தோட்டங்களில் இருந்து வருஷா வருஷம் மன்னார்ப் பக்கம் பஸ் போகிறது. மகா சிவராத்திரிக்குத் திருக்கேதீஸ்வரம் போய், பாலாவியில் நீர் மொண்டு சிவலிங்கத்துக்கு ஊற்றி வருகிறோம். ஆகஸ்ட் 15ஆம் திகதி மடு மாதா திருவிழாவுக்குப் போய் வருகிறோம். சமயம் எதுவாக இருந்தாலும் போகிற ரோடு ஒன்றுதான். இந்தப் பயணத்துக்குப் பல மாதம் சீட்டுப் பிடித்துக் காசு சேர்க்கிறோம். பிறகு பஸ் பேசுகிறோம். அப்போது என்ன கேட்கிறோம்? மொத்தம் எவ்வளவு, எத்தனை சீட், பாட்டு நல்லாப் போடுவாங்களா, இவ்வளவுதான். பஸ்ஸை ஓட்டப் போகிறவருக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. ஐம்பது அறுபது உயிரை ஒருவர் கையில் கொடுக்கிறோம். அவருடைய கண், காது, இருதயம், இரத்தத்தில் உள்ள சீனி, இதெல்லாம் நமக்குச் சம்பந்தப்படாத விஷயம் என்று நினைக்கிறோம். அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறோம்.

நம்மவர்கள் நடந்த பாதை

மன்னார் என்றால் நமக்குக் கோயில் மட்டும் இல்லை. அது நாம் வந்த வாசல். கோப்பித் தோட்டக் காலத்தில் நம் பாட்டன் பூட்டன்மார் தோணியில் கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கினார்கள். அங்கிருந்து மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளை வரைக்கும் காட்டுக்குள்ளே நடந்தார்கள். ஏறக்குறைய 150 மைல். வழியில் நல்ல தண்ணீர் கிடையாது. வாந்திபேதியும் காய்ச்சலும் பிடித்து விழுந்தவர்கள் பலர். விழுந்தவரை விட்டுவிட்டு மற்றவர்கள் நடக்க வேண்டியிருந்தது.

பின்னால் 1914ஆம் வருஷம் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் கப்பல் ஓடத் தொடங்கியது. இரண்டு பக்கமும் ரயில் வந்து சேர்ந்தது. ஆனால் கப்பல் ஏறுவதற்கு முன்னால் அக்கரையில் மண்டபம் கேம்ப் என்று ஒன்று இருந்தது. இந்திய மண்ணில் இலங்கை அரசாங்கம் நடத்திய கேம்ப் அது. தோட்டத்துக்கு ஆள் கட்டி வரும்போது எல்லோரையும் அங்கே தடுத்து வைத்துச் சோதித்தார்கள். அம்மை குத்தினார்கள். நோய்க்குறி இருக்கிறதா என்று சில நாள் பார்த்தார்கள். தேறினவருக்குத்தான் கப்பல். எந்தத் தோட்டத்துக்குப் போகிற ஆள் என்று காட்ட எழுத்தும் இலக்கமும் அடித்த தகரத் துண்டு கொடுக்கும் வழக்கமும் அந்தக் காலத்தில் இருந்தது. நம் வீட்டுக் கிழவிமார் ‘துண்டு’ என்று சொன்னது அதைத்தான்.

இதை ஏன் இப்போது சொல்கிறோம்? உடம்பு தகுதியா இல்லையா என்று ஒருவர் பார்த்து எழுதி, அந்த எழுத்தை வைத்து இன்னொருவர் போகலாம், போகக்கூடாது என்று முடிவு செய்வது நமக்குப் புதுசு இல்லை. மண்டபத்தில் நடந்த சோதனை முக்கியமாகத் தோட்டங்களுக்கும் இந்தத் தீவுக்கும் நோய் வராமல் இருக்கத்தான் நடந்தது. ஆளை மாடு மாதிரி நிறுத்திப் பார்த்தார்கள் என்ற மனவருத்தம் நமக்குள் பரம்பரையாக இருக்கிறது. அது நியாயமான வருத்தம். ஆனாலும் வாந்திபேதியைக் கரையிலேயே தடுத்தபோது பிழைத்தது நம் ஆட்களின் உயிரும்தான். இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சோதனை நல்லது. அதை மனிதரை மதித்துச் செய்ய வேண்டும்.

நமது நாட்டில் உள்ள முறை

இப்போது சாரதிமாருக்கு வருவோம். இலங்கையில் சாரதி அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டுமானால் மருத்துவச் சான்று வேண்டும். இதற்கென்றே 1997ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய போக்குவரத்து வைத்திய நிறுவனம் அமைக்கப்பட்டது. தலைமை அலுவலகம் நுகேகொடையில் இருக்கிறது. வெளி மாவட்டங்களிலும் கிளைகள் உண்டு. கண் பார்வை, காது கேட்கிறதா, இரத்த அழுத்தம், உயரம், நிறை, முன்பு இருந்த நோய்கள் என்று பார்த்துச் சான்று கொடுக்கிறார்கள். அதைக் கொண்டுபோய்த்தான் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் லைசன் வேலையை முடிக்க வேண்டும்.

கார், வேன் போன்ற இலகுரக வாகனத்துக்கு லைசன் 8 வருஷம் செல்லும். பஸ், லொறி போன்ற கனரக வாகனத்துக்கு 4 வருஷம். பஸ் ஓட்டுகிறவரை அடிக்கடி பார்க்க வேண்டும் என்றுதான் அந்தக் கணக்கு. நல்ல கணக்குத்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள். நாற்பத்தாறு வயதில் சான்று எடுத்தவருக்கு நாற்பத்தேழு வயதில் சீனி வருத்தம் வரலாம். நாற்பத்தெட்டில் பிரஷர் ஏறலாம். சான்றில் உள்ள எழுத்து அப்படியே இருக்கும். ஆளின் உடம்பு அப்படியே இருக்காது. சான்று என்பது ஒரு நாள் எடுத்த போட்டோ மாதிரி. போட்டோவில் சிரிக்கிறவர் இன்றைக்கும் சிரிக்கிறார் என்று சொல்ல முடியாது.

அமெரிக்காவில் செய்த மாற்றம்

இந்த விஷயத்தில் வெளிநாட்டில் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பது நமக்கு உதவும். அமெரிக்காவில் 1999 மே 9ஆம் திகதி, அன்னையர் தினத்தன்று, நியூ ஓர்லியன்ஸ் நகரில் ஒரு சுற்றுலா பஸ் ரோட்டை விட்டுப் பாய்ந்து 22 பயணிகள் இறந்தார்கள். பெரும்பாலும் வயதானவர்கள். நம் ஆட்கள் கோயிலுக்குப் போகிற மாதிரி, பொழுதுபோக்காகக் கூட்டமாகக் கிளம்பியவர்கள். விசாரித்தபோது சாரதிக்கு இருதய நோயும் சிறுநீரக நோயும் கடுமையாக இருந்தது தெரிய வந்தது. ஆஸ்பத்திரிக்குப் பல தடவை போய் வந்தவர். ஆனாலும் ‘பஸ் ஓட்டத் தகுதி’ என்ற சான்று அவர் கையில் இருந்தது. ஆஸ்பத்திரிக்குத் தெரிந்தது லைசன் கொடுக்கிற கந்தோருக்குத் தெரியாது. சான்று கொடுத்த இடத்தில் அவர் நோயை மறைத்திருந்தார்.

இப்படிப்பட்ட விபத்துகளுக்குப் பிறகு அந்த நாட்டில் படிப்படியாகச் சட்டம் கொண்டு வந்தார்கள். 2014இல் இருந்து, பயிற்சியும் பரீட்சையும் முடித்து அரசாங்கப் பட்டியலில் பெயர் பதிந்த வைத்தியர்கள் மட்டுமே லொறி, பஸ் சாரதிகளைச் சோதிக்கலாம் என்றார்கள். சான்று அதிகபட்சம் இரண்டு வருஷம்தான் செல்லும். பிரஷர் போன்ற வருத்தம் உள்ளவருக்கு ஒரு வருஷம் மட்டும் கொடுப்பதும் உண்டு.

அடுத்த மாற்றம்தான் பெரியது. 2025 ஜூன் 23ஆம் திகதியில் இருந்து, வைத்தியர் சோதித்து முடித்தால் அதன் முடிவை மறுநாள் நள்ளிரவுக்குள் கம்பியூட்டர் வழியாக அரசாங்கப் பதிவேட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். அங்கிருந்து அது சாரதியின் மாநிலத்தில் லைசன் கொடுக்கும் கந்தோருக்குப் போகிறது. கந்தோர் அதை அவருடைய லைசன் பதிவில் சேர்த்துவிடுகிறது. நோயின் முழு விபரமும் அங்கே போவதில்லை. தகுதியா இல்லையா, எந்தத் திகதி வரைக்கும், கண்ணாடி போட்டுத்தான் ஓட்ட வேண்டுமா என்பது மாதிரியான விபரம்தான் போகிறது. சாரதி தன் கையால் ஒரு காகிதத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கிற பழைய முறையை இப்படி எடுத்துவிட்டார்கள்.

இதனால் என்ன லாபம்? காசு கொடுத்துப் பொய்ச் சான்று அடிப்பது கஷ்டம். திகதியைச் சுரண்டி மாற்ற முடியாது. ஒரு வைத்தியர் ‘தகுதியில்லை’ என்று சொன்னதை மறைத்துவிட்டு இன்னொருவரிடம் போய் வாங்கி வருவதும் லேசில் நடக்காது. ரோட்டில் பொலிஸ்காரர் நிறுத்தினால் லைசன் பதிவைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். நேர்மையான சாரதிக்கும் இது வசதி. சான்றைத் தொலைத்துவிட்டேன், மழையில் நனைந்துவிட்டது என்று அலைய வேண்டியதில்லை.

கம்பியூட்டரும் தவறும்

ஆனால் எல்லாம் சுகமாக நடந்தது என்று நினைக்காதீர்கள். இந்த முறையை முதலில் 2018இல் தொடங்குவதாக இருந்தது. 2017 டிசம்பரில் அந்தப் பதிவேட்டின் கம்பியூட்டருக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள். பல மாதம் அதை மூடி வைக்க வேண்டி வந்தது. வேறு காரணங்களும் சேர்ந்து வேலை 2025 வரை தள்ளிப் போனது. 2025இல் தொடங்கின போதும் எல்லா மாநிலமும் தயாராக இருக்கவில்லை. அதனால் கொஞ்சக் காலத்துக்குக் காகிதச் சான்றையும் ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அவ்வளவு பணம் உள்ள நாட்டிலேயே இப்படி என்றால் நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்?

முக்கியமாக, பதிவு பற்றிய பயம் நமக்கு அதிகம். அது வீணான பயம் இல்லை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது, பிறப்பைக் காட்டக் காகிதம் இல்லாததால் நம் மக்கள் லட்சக்கணக்கில் நாடற்றவர்களாக நின்றார்கள். 1964 ஒக்டோபரில் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. அதன்படி இந்தியா போகப் பெயர் கொடுத்தவர்கள் அதே மன்னார் வழியாகத் தலைமன்னாருக்குப் போய்க் கப்பல் ஏறினார்கள். அந்த வருஷம் டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்து போனதால் பிறகு கப்பல் இராமேஸ்வரத்துக்கு ஓடியது. 1984இல் அதுவும் நின்றது. மிஞ்சியிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை முழுதாகக் கிடைக்க 2003ஆம் ஆண்டின் சட்டம் வர வேண்டியிருந்தது. ஒரு பெயர், ஒரு திகதி, ஒரு எழுத்து எங்கே பதிந்திருக்கிறது, எங்கே பதியவில்லை என்பதில் நம் குடும்பங்கள் அண்ணன் ஒரு கரை, தம்பி ஒரு கரை என்று பிரிந்தன. ஆகவே கம்பியூட்டர் என்றதும் நம்பிவிடவும் வேண்டாம், வெறுத்துவிடவும் வேண்டாம். என்ன பதிந்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பார்க்கப் பழக வேண்டும்.

தோட்டத்தில் நாங்கள் அடிக்கடி காண்பது இதுதான். பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து, லைசனில் மூன்றாவது எழுத்து. முருகையா என்பதைச் சிங்களத்திலும் இங்கிலீசிலும் எழுதும்போது ஆளுக்கு ஒரு விதமாக எழுதி வைக்கிறார்கள். காகிதக் காலத்தில் கந்தோர் ஐயா முகத்தைப் பார்த்து ‘சரி, இவர்தான்’ என்று விடுவார். கம்பியூட்டருக்கு முகம் தெரியாது. எழுத்து மாறினால் வேறு ஆள் என்று வைத்துவிடும். ஆகவே சாரதி வேலைக்குப் போகிற பிள்ளைகள் இந்த மூன்றையும் இப்போதே பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் கிராம உத்தியோகத்தரிடமோ எங்களிடமோ வாருங்கள். எந்தக் காலத்திலும் சான்றின் போட்டோக் கொப்பி ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

மறைப்பது ஏன்?

சாரதி அண்ணன்மார் நோயை மறைப்பது கெட்ட எண்ணத்தால் இல்லை. அது எங்களுக்கு நன்றாகத் தெரியும். தோட்டத்துப் பிள்ளை ஒருவன் கொழுந்து மலையை விட்டு ஸ்டியரிங்கைப் பிடிக்கிறது என்றால் அந்த வீட்டுக்கே ஒரு தூக்கம். லைசன் போனால் சோறு போகும். தங்கச்சி கலியாணம் நிற்கும். எடுத்த கடன் கழுத்தை நெரிக்கும். அதனால் டிஸ்பென்சரியில் ‘சீனி இருக்கு’ என்று சொன்னாலும் வெளியில் சொல்வதில்லை. மருந்து போட்டால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று மருந்தையும் விட்டுவிடுகிறார்கள். அங்கேதான் ஆபத்து.

இதை விளங்கிக்கொள்ளுங்கள். பிரஷர் உள்ளவர் எல்லோரும், சீனி உள்ளவர் எல்லோரும் வண்டி ஓட்டக்கூடாது என்று இல்லை. வைத்தியம் செய்து கட்டுப்பாட்டில் வைத்திருப்பவர் வைத்தியரின் யோசனைப்படி தொழில் செய்யலாம். பார்வை குறைந்தவர் கண்ணாடி போட்டு ஓட்டலாம். கட்டுப்பாடு இல்லாத நோய்தான் லைசனையும் பறிக்கும், உயிரையும் பறிக்கும். மறைத்து வைத்த நோய் தானாகக் குறையாது. இன்றைக்கு ஒரு குளிசையோடு முடிகிற விஷயம், நாலு வருஷம் கழித்துச் சோதிக்கும்போது நிரந்தரமாக வேலையை முடித்துவிடும்.

சீனி வருத்தத்துக்கு ஊசி போடுகிறவர், சில வகைக் குளிசை குடிக்கிறவர், நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் சீனி சட்டென்று இறங்கிவிடும். வியர்க்கும், கை நடுங்கும், கண் மங்கும், புத்தி தடுமாறும். யாத்திரை பஸ்ஸில் எல்லோரும் விரதம் என்று சாரதியையும் பட்டினி போடாதீர்கள். அவருக்கு நேரத்துக்குச் சாப்பாடு கொடுப்பதும் புண்ணியந்தான். தடிமலுக்குப் பிரிட்டோன் மாதிரிக் குளிசை போட்டால் தூக்கம் வரும். அதைப் போட்டுக்கொண்டு ஸ்டியரிங்கில் உட்காரக்கூடாது. இரவில் பெரிய குறட்டை விட்டு, மூச்சு முட்டி எழும்புகிறவர், பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் சொக்குகிறவர், கட்டாயம் டொக்டரிடம் காட்ட வேண்டும். வலிப்பு வந்தவர் அதை ஒருபோதும் மறைக்கக்கூடாது.

மன்னார் ரோட்டின் தன்மை

நம் சாரதிமார் மலை ரோட்டில் கெட்டிக்காரர்கள். வளைவுக்கு வளைவு கண் விழிப்பாக இருக்கும். மதவாச்சியில் இருந்து செட்டிகுளம், முருங்கன் வழியாக மன்னாருக்குப் போகிற ரோடு அப்படி இல்லை. தட்டையான பூமி, நீட்டமான ரோடு, வெப்பம். குளிரில் பழகின உடம்புக்கு அந்தச் சூட்டில் அசதி வரும். வளைவு இல்லாததே ஒரு தாலாட்டு மாதிரி. நாம் வழக்கமாக வேலை முடிந்து இரவில் கிளம்பி விடியப் போய்ச் சேருவோம். அதாவது மனிதனுக்கு ஆகக் கூடுதலாகத் தூக்கம் வருகிற நேரத்தில் நம் சாரதி அந்த நேர் ரோட்டில் இருப்பார். காட்டுப் பக்கத்தில் யானை வரும், மாடு படுத்திருக்கும். மன்னார் டவுனுக்குள் போனால் கழுதைகள் கூட்டமாக ரோட்டில் நிற்கும். அரை நிமிஷம் கண் அயர்ந்தால் போதும்.

2025 மே 11ஆம் திகதி விடியற்காலையில் கொத்மலை கரண்டிஎல்லயில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சாரதியும் இறந்தார். அதில் யார் குற்றம் என்று தீர்ப்புச் சொல்ல நாங்கள் வரவில்லை. கதிர்காமத்தில் இருந்து வந்த பஸ் அது. நம் பக்கத்து மலையில் நடந்தது. அதை மறக்காமல் இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறோம்.

நாம் செய்ய வேண்டியது

பஸ் பேசப் போகிற தலைவர்மாருக்கு முதலில் சொல்கிறோம். சாரதியின் லைசனைப் பாருங்கள். கனரக பஸ் ஓட்ட அனுமதி இருக்கிறதா, திகதி முடிந்துவிட்டதா என்று பாருங்கள். மரியாதையாகக் கேளுங்கள், “அண்ணே, உடம்புக்குச் சுகந்தானே? மருந்து ஏதும் குடிக்கிறீங்களா?” என்று. அவமானப்படுத்துகிற மாதிரிக் கேட்காதீர்கள். மண்டபம் கேம்ப்பில் நம்மைக் கேட்ட மாதிரிக் கேட்காதீர்கள்.

மன்னார் மாதிரித் தூரப் பயணத்துக்கு இரண்டு சாரதி பேசுங்கள். ஒரு ஆளுக்கு ஆயிரம் கணக்கில் கூடினாலும் பரவாயில்லை. முடியாவிட்டால் பகலில் கிளம்புங்கள். போய்ச் சேர்ந்ததும் நாமெல்லாம் கோயிலிலும் கடற்கரையிலும் சுற்றும்போது, சாரதிக்குப் படுத்துத் தூங்க நிழலான ஒரு இடம் பாருங்கள். சாரதிக்குச் சாராயம் வாங்கிக் கொடுக்கிற உபசாரம் இந்தப் பயணத்தோடு ஒழியட்டும்.

சாரதி வீட்டுத் தாய்மாரே, உங்களுக்கும் ஒன்று சொல்கிறோம். அவருக்கு என்ன வருத்தம் என்று டொக்டருக்குத் தெரிவதற்கு முன்னால் உங்களுக்குத் தெரியும். இரவில் பத்துத் தடவை எழும்பித் தண்ணீர் குடிக்கிறாரா, தலைவலி என்று நெற்றியில் துணி கட்டுகிறாரா, பேப்பரைத் தூரப் பிடித்து வாசிக்கிறாரா, இதையெல்லாம் கவனிப்பவர் நீங்கள்தான். ‘சும்மா களைப்பு’ என்று சொல்லவிடாமல் டிஸ்பென்சரிக்கு அனுப்புங்கள். மாதத்தில் ஒரு தடவை பிரஷர் பார்க்க ஐந்து நிமிஷம் போதும்.

சாரதி அண்ணன்மாரே, சோதனை செய்யும் வைத்தியர் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். என்ன எழுதினார் என்று கேளுங்கள். அது உங்கள் உடம்பு, கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. தவறாக எழுதியிருந்தால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள். தகுதியில்லை என்று வந்தால் ஓடி ஒளியாமல் எங்களிடம் வாருங்கள். வைத்தியத்துக்கு எங்கே போகலாம், உடம்பு தேறும் வரை வேறு என்ன வேலை கேட்கலாம் என்று நாம் உட்கார்ந்து பேசலாம். நோயைச் சொன்ன மனிதனைத் தோட்டம் தனியே விட்டால், அடுத்தவர் சொல்லமாட்டார். இதைத் தோட்ட நிர்வாகத்தாருக்கும் தலைவர்மாருக்கும் சேர்த்தே சொல்கிறோம்.

நம் பாட்டன்மார் மன்னாரில் இருந்து மலைக்கு நடந்து வந்தபோது, விழுந்தவரைத் தூக்க ஆள் இல்லை. இன்றைக்கு நாம் அதே ரோட்டில் சீட்டில் உட்கார்ந்து போகிறோம். போகிறவர்கள் எல்லோரும், ஓட்டுகிறவரும் சேர்த்து, சுகமாக வீடு வந்து சேர வேண்டும். இந்த வருஷம் பஸ் பேசும்போது பாட்டைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் சாரதியின் உடம்பைப் பற்றிக் கேளுங்கள்.